மூக்கில் கதவு வைத்த வண்டி

காலையில் என் மனைவி பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து அதை மூடப் பார்த்தாள். ஜிப் பாதி வழியில் நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேர் கனத்துக்குப் பிறகுதான் அது ஒருவழியாக மூலைவரை வந்து சேர்ந்தது. பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, போர்வையை இழுத்துத் தரைவரை தொங்கவிட்டாள். பெற்ற அப்பாவின் வீட்டில் ஒருத்தி பெட்டியை ஒளித்துவைப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"பன்னெண்டரைக்குப் பாப்பா ஸ்கூல் விட்டு வந்துடுவா. அதுக்குள்ள நீங்க அப்பாகிட்ட சொல்லிடணும்" என்றாள். "சொல்லலைன்னா பெட்டியப் பிரிச்சு துணிய எல்லாம் பழையபடி அலமாரியில அடுக்கிடுவேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. நீங்களும் எடுக்கக் கூடாது, நானும் எடுக்க மாட்டேன்."

"நீயே சொல்லேன். உங்க அப்பாதானே?"

"நான் சொன்னா நான்தான் உங்கள இழுத்துட்டுப் போறேன்னு ஆகும். வேலை கிடைச்சது உங்களுக்கு. வாயும் உங்களுக்கு இருக்கு. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் கதை சொல்ற வாய்."

அவள் சொன்னது நியாயம். அந்த வாய்தான் ஒன்பது வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது. வீட்டுக்கு எதிரே, முற்றத்தைத் தாண்டினால் ஒரு நீளமான தகரக் கொட்டகை. அதற்குள் மாமா, அதாவது என் மாமனார், ஆசை ஆசையாகச் சேர்த்துவைத்திருக்கும் இருபத்திரண்டு பழைய கார்கள். வாரத்தில் ஆறு நாள் அவற்றைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். நான் கையில் ஒரு குச்சியோடு முன்னால் நடப்பேன். "இந்தக் கார்ல ஸ்டீரிங் பக்கத்துல எதுக்கு ஒரு கண்ணாடிப் பூச்சாடி? அந்தக் காலத்து வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை குமட்டும். ஏசி கிடையாது. பூதான் ஏசி." எல்லாரும் சிரிப்பார்கள். "இதுக்கு எங்க பெட்ரோல் ஊத்தணும், கண்டுபிடிங்க பாப்போம்." சுற்றிச் சுற்றி வந்து தோற்றபிறகு, நான் பின்விளக்கை அப்படியே மடக்கி, உள்ளே இருக்கும் மூடியைக் காட்டுவேன். அடுத்த காரில் திரும்புவதைக் காட்ட விளக்கு இல்லை, பொத்தானை அமுக்கினால் பக்கவாட்டுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை நீட்டிக்கொள்ளும். அதற்கு அடுத்ததில் டிக்கி இருக்க வேண்டிய இடத்தில், கூரைக்கு வெளியே, வெயிலும் மழையும் படும்படி ஓர் இருக்கை. சில நாடுகளில் அதை வேடிக்கையாக மாமியார் சீட் என்றே சொன்னார்களாம். என் மாமியார் தவறி நான்கு வருஷம் ஆகிறது. அதன்பிறகு அந்த ஒரு வேடிக்கையை மட்டும் விட்டுவிட்டேன். ஒருநாள் மாமாவே, "ஏன் மாப்ள, அந்த சீட் கதைய இப்பல்லாம் சொல்றதில்ல?" என்று கேட்டார். மறந்துபோய்விட்டது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் இங்கே வந்தது என் சொந்தப் பட்டறையைச் சாலை அகலப்படுத்துவதற்காக இடித்தபோது. "கொஞ்ச நாள் நம்ம வீட்ல இருங்க மாப்பிள்ளை, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மாமா. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. முதல் வருஷம் "வாங்க மாப்பிள்ளை." மூன்றாம் வருஷம் "வாங்க மாப்ள." இப்போது "மாப்ள, வா." கூட்டம் வந்தால் மட்டும் மரியாதை திரும்பிவரும். என் தோளில் கையைப் போட்டு, "நம்ம மாப்பிள்ளை. காரைப் பத்தி இவருக்குத் தெரியாதது எதுவுமே கிடையாது" என்பார். தெரு முனைக் கடைக்காரரிலிருந்து பாப்பாவின் வாத்தியார்வரை எல்லாருக்கும் நான் மாப்பிள்ளைதான். கொட்டகையில் மெக்கானிக்காக இருக்கும் கிரீஸ் அண்ணன் ஒருபடி மேலே போய் 'மாப்பிள்ளை சார்' என்று கூப்பிடுவார். அவருக்கும் ஒரு சொந்தப் பெயர் இருக்கும். அது அவர் சட்டையில் ஏறிய கறைக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது.

அதனால்தானோ என்னவோ, போன வாரம் அந்தக் கடிதம் வந்தபோது, உள்ளே இருப்பதைப் படிப்பதற்கு முன்னால் உறையின் மேல் இருந்த என் பெயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயிலில் பத்து மணி நேரத் தொலைவில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளி. வண்டி ரிப்பேர் சொல்லிக்கொடுக்க வேண்டும். குடியிருக்க இரண்டு அறை. திங்கட்கிழமை சேர வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை.

மாமா கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ கிளம்பியிருப்பேன். எனக்கு மஞ்சள்காமாலை வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வாசல் பெஞ்சில் படுத்திருந்தவர் அவர்தான். பாப்பாவுக்கு சைக்கிள் ஓட்டப் பழக்கியவர் அவர். என்னை ஒரு நாளும் ஒரு சொல் கடிந்ததில்லை. அன்பாலேயே ஒரு மனிதனை நாற்காலியில் உட்கார்த்திவைத்து, எழுந்திருக்க விடாமல் செய்ய முடியும் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று நாளாக "மாமா, ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பேன். "சொல்லு மாப்ள" என்று முழு முகத்தையும் என் பக்கம் திருப்புவார். உடனே நான் ஏதாவது ஒரு காரின் டயரைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுவேன்.

இன்று கொட்டகைக்கு ஒரு புது வண்டி வருகிறது. புது வண்டி என்றால் எங்களுக்குப் புதுசு, அதற்கு வயது அறுபது. லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். லாரிக்காரருக்கு எங்கள் தெருவுக்குள் திரும்ப வழி காட்டுவதற்காகக் கிரீஸ் அண்ணன் பெரிய சாலைவரை போயிருந்தார். வாசலில் 'இன்று விடுமுறை' பலகை. கொட்டகையில் மாமாவும் நானும் மட்டும்தான். புது வண்டி ரொம்ப நீளம். அதை நிறுத்த வேண்டிய இடத்தின் நடுவில் முட்டை நின்றுகொண்டிருந்தது.

முட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் கொட்டகையின் செல்லப்பிள்ளை அதுதான், கூட்டத்தைக் கடைசியாக அதனிடம்தான் கூட்டிக்கொண்டு போவேன். இரண்டு பேர் இடித்துக்கொண்டு உட்காரும் அளவுக்கு ஒரு குட்டிக் கார். பக்கத்தில் கதவே கிடையாது. அதன் முகம் முழுக்க ஒரே கதவு. முகத்தைத் திறந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும், வெளியே வர வேண்டும். இந்த மாதிரி வண்டியை முதலில் செய்தவர்கள் அதற்கு முன்னால் ஃபிரிட்ஜ் செய்துகொண்டிருந்தவர்கள் என்று சொன்னால் எல்லாரும் கதவை இன்னொரு தடவை பார்த்துவிட்டு "அட, ஆமா" என்பார்கள். ஸ்டீரிங் அந்தக் கதவோடு சேர்ந்திருக்கும். கதவைத் திறந்தால் ஸ்டீரிங்கும் ஓட்டுகிறவர் மடியை விட்டு எழுந்து, கதவோடு வெளியே போய்விடும். இல்லாவிட்டால் அவர் இறங்க முடியாது. பின்னால் ஒரே சக்கரம். ஒரு நாட்டில் மூன்று சக்கர வண்டிக்கு ரிவர்ஸ் கியர் இல்லாவிட்டால் பைக் லைசென்ஸே போதும் என்று சட்டம் இருந்ததால், ரிவர்ஸ் இல்லாமலேயே விற்றார்கள். எங்கள் முட்டையும் அந்த ரகம்.

இந்த இடத்தில்தான் என் பேர்போன கதை வரும். இப்படி ஒரு வண்டியை வாங்கின ஒருத்தர், பெருமையோடு ஓட்டிக்கொண்டுபோய், வீட்டு ஷெட்டில் சுவரை ஒட்டி நிறுத்தினாராம். கதவு முன்னால், சுவரும் முன்னால். திறக்க முடியாது. பின்னால் எடுக்கலாம் என்றால் ரிவர்ஸ் இல்லை. "அப்புறம்?" என்று யாராவது கேட்பார்கள். நான் ஒரு நிமிஷம் சும்மா இருப்பேன். "அப்புறம் என்ன, அவர் பொண்டாட்டி வந்து தேடுறவரைக்கும் உள்ளதான்" என்பேன். ஒன்பது வருஷத்தில் அந்தக் கதைக்குச் சிரிக்காத ஆளைப் பார்த்ததில்லை. ஆயிரம் தடவை கேட்ட மாமாவும் ஒவ்வொரு தடவையும் தொடையைத் தட்டிச் சிரிப்பார். சிரித்து முடிந்ததும் நான் குச்சியால் மேலே காட்டுவேன். முட்டையின் கூரை துணி. அதை மடக்கித் திறக்கலாம், அதுதான் ஆபத்துக்கு வெளியே வரும் வழி. இரண்டு வருஷம் முன்புவரை அதையும் திறந்துகாட்டுவேன். பழைய துணி இற்றுப்போய், கிரீஸ் அண்ணன் புதுத் துணி போட்டபோது, தூசி உள்ளே வருகிறது என்று மாமா அதைச் சுற்றிலும் ஆணி அறைந்து மூடச் சொல்லிவிட்டார். "மாமா, அது வெளிய வர்ற வழி. அதையும் அடைச்சுட்டா எப்படி?" என்று கேட்டேன்.

"யாரு மாப்ள வெளிய போகப் போறா?" என்றார் மாமா. கிரீஸ் அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன்.

முட்டையை நாங்கள் ஓட்டி நிறுத்துவதே இல்லை. கிரீஸ் அண்ணனும் நானும் கையால் தள்ளி, பின்பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்து, மூக்கு வெளியே பார்க்கும்படி விடுவோம். எழுதிவைக்காத சட்டம் அது. ஆனால் இன்று மாமாவுக்குப் பொறுமை இல்லை. லாரி வருகிறதா என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நாலு தடவை நடந்தார். "அவன் வர்ற வரைக்கும் எதுக்கு நிக்கணும்? நானே எடுத்து அந்த மூலையில விட்டுடுறேன். ஏறு மாப்ள" என்றார்.

ஏறினேன். அதற்குக் காரணம் உண்டு. அந்தச் சின்ன வண்டிக்குள் அவர் முகத்தை என் பக்கம் முழுசாகத் திருப்ப முடியாது. எஞ்சினை நிறுத்தினதும் நேரே பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மாமா கதவை இழுத்துச் சாத்தினார், ஸ்டீரிங் வந்து அவர் மடிமேல் நின்றது. எஞ்சின் நாலு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஆள் உயரக் கார்களுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேரும் குலுங்கிக்கொண்டு போனோம். மாமா சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். மூலையை நோக்கித் திருப்பினார். நடுவிலேயே நிறுத்துவார், கிரீஸ் அண்ணன் வந்ததும் தள்ளிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. சுவர் வந்துகொண்டே இருந்தது. பத்தடி. எட்டடி. 'மாமா, நிறுத்துங்க' என்று சொல்ல எனக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சொல் என் நாக்கிலேயே இருந்தது. ஆனால் ஒன்பது வருஷத்தில் நான் அவரை ஒரு தடவைகூட நிறுத்தச் சொன்னதில்லை, எப்படிச் சொல்வது என்று வாய்க்குத் தெரியவில்லை. முட்டையின் மூக்கு சுவரில் போய் டொக் என்று இடித்து நின்றது.

எஞ்சினை அணைத்தார். கதவின் கைப்பிடியை இழுத்துத் தள்ளினார். அது சுவரில் தட்டித் திரும்பிவந்தது. அவர் கை தானாகக் கியர் பக்கம் போய், பாதியில் அப்படியே நின்றது. எஞ்சின் சூட்டில் தகரம் எங்கேயோ டிக் டிக் என்றது. எங்கள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வெள்ளையடித்த சுவர், அதில் எப்போதோ எதையோ மாட்டிய ஓர் ஆணி. நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். மாமா தொடையைத் தட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தட்டவில்லை.

"சுவர் கிட்ட வந்துடுச்சு" என்றார், சுவர்தான் நடந்து வந்தது போல.

முதலில் இரண்டு பேரும் ஒன்றாகப் பின்னால் சாய்ந்து பார்த்தோம். கார் கழுவும் தண்ணீர் வடிவதற்காக அந்த மூலைக்குத்தான் தரையைச் சரித்துக் கட்டியிருக்கிறோம். வண்டி இரண்டு விரல் பின்னால் போகும், உடனே திரும்பிவந்து சுவரை முட்டும். பக்கத்துக் கண்ணாடியை நகர்த்தினால் என் கை தோள்வரை வெளியே போனது, தலை போகவில்லை. சுவரை எட்டித் தள்ளவும் முடியவில்லை. மாமா ஹார்ன் அடித்தார். அந்தக் குட்டி ஹார்ன் கொட்டகையைத் தாண்டி முற்றத்துக்குப் போயிருந்தாலே ஆச்சரியம். வீட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் போன் கொட்டகை வாசலில் மேஜைமேல் சார்ஜில் இருந்தது. மாமா போன் வைத்துக்கொள்வதில்லை, அதற்கும் நான் இருக்கிறேன்.

அவர் கைக்கடிகாரம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. பதினொன்றே கால். தகரக் கூரை காய்ந்து, உள்ளே அனல் ஏற ஆரம்பித்திருந்தது. அவர் தோள் என் தோளில் அழுந்தியிருந்தது, அவர் மூச்சு வாங்குவது எனக்குள்ளேயும் தெரிந்தது. எழுபத்தோரு வயது. அவர் சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டேன். குழந்தை மாதிரி கழுத்தைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். கையால் கிழிக்க முடியாத கனத்த துணி, அதன் ஓரம் முழுக்க வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றும் அவ்வளவு சுத்தமாக அறையப்பட்டிருந்தது. கிரீஸ் அண்ணன் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்.

"நீ அன்னைக்கே சொன்ன" என்றார் மாமா.

ஒன்பது வருஷத்தில் நான் சொன்ன எதையும் சரி என்று அவர் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பன்னிரண்டரைக்குப் பாப்பா வருவாள். பெட்டி பிரிக்கப்படும். என் சட்டைகளும் அலமாரியில் அதே தட்டுக்குத் திரும்பும். நாளை பத்து மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துக் கூட்டம் வருகிறது, அவர்களிடம் பூதான் ஏசி என்பேன். அப்புறம் என்ன, அவர் பொண்டாட்டி வந்து தேடுறவரைக்கும் உள்ளதான் என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பயமாக இருந்தது. சாகிற பயம் இல்லை, அப்படியே இருந்துவிடுவேனோ என்கிற பயம்.

சுவரிலிருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "மாமா, எனக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு. வாத்தியார் வேலை. திங்கக்கிழமை சேரணும். நாங்க மூணு பேரும் போறோம்."

சொல்லி முடித்ததும் அது இவ்வளவு சின்ன விஷயமா என்று இருந்தது. நாலு வாக்கியம்தான். மாமா மேல்துண்டின் நுனியால் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தைத் துடைத்தார். அங்கே தூசி இல்லை. திரும்பவும் துடைத்தார்.

"புது வண்டி வருது" என்றார். "அதுக்கு நீ இன்னும் கதை தயார் பண்ணலையே."

"அதைப் பத்தி எல்லாம் எழுதிவெச்சுட்டுப் போறேன் மாமா. எல்லா வண்டிக்கும் எழுதித் தர்றேன்."

"யாரு படிக்கிறது?"

சாயங்காலங்களில் கூட்டம் போனபிறகு, மாமா ஒவ்வொரு காராகத் தொட்டுக்கொண்டே கொட்டகையின் கடைசிவரை நடந்துபோவார். நான் விளக்குகளை அணைத்துக்கொண்டே பின்னால் போவேன். அப்போது நாங்கள் ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. இனிமேல் விளக்கையும் அவரே அணைப்பார். அதை நினைத்ததும் சொன்ன நாலு வாக்கியத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வாங்கிக்கொண்டால் அவர் அப்படியே ஏற்றுக்கொள்வார், அடுத்த நிமிஷமே புது வண்டியின் டயரைப் பற்றிப் பேசுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"எப்ப ரயிலு?" என்று கேட்டார். கொஞ்சம் விட்டு, "உங்களுக்கு?" என்றார். அந்த மரியாதை என்னை அறைந்தது.

"ஞாயித்துக்கிழமை காலையில, மாமா."

வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கிரீஸ் அண்ணன் "ஐயா, வண்டி வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடிவந்தார். நான் கையை வெளியே விட்டு ஆட்டினேன். எங்களைப் பார்த்ததும் அவர் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார். "மாப்பிள்ளை சார்! நம்ம கதை!" என்று சிரிக்க ஆரம்பித்து, மாமாவின் முகத்தைக் கண்ணாடி வழியே பார்த்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். சத்தம் கேட்டு என் மனைவி முற்றத்தைக் கடந்து வந்தாள். கையில் பிழிந்த துணி ஒன்று அப்படியே இருந்தது.

கிரீஸ் அண்ணனும் லாரிக்காரரும் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார்கள். சுவர் எங்களை விட்டு விலகியது. ஆணி சின்னதாகி, புள்ளியானது. நாலடி, ஐந்தடி. போதும் என்று சக்கரத்துக்கு ஒரு கட்டையைக் கொடுத்துவிட்டு, கிரீஸ் அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"இப்பத் திறங்க."

நான் குனிந்து கைப்பிடியை இழுத்தேன். பூட்டு விடுபடும் சத்தம் கேட்டது. கதவு நகரவில்லை. வெளியிலிருந்து கிரீஸ் அண்ணன் இழுத்தார், அப்போதும் வரவில்லை. "எங்க மாட்டுது?" என்று கீல் பக்கம் குனிந்து பார்த்தார். என் மனைவி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தாள். சொல்லிட்டீங்களா என்று புருவம் மட்டும் கேட்டது. தலையசைத்தேன். அவள் பார்வை என்னை விட்டுப் பக்கத்துக்குப் போய், கொஞ்சம் கீழே இறங்கி, அங்கேயே நின்றது. அப்போதுதான் நானும் பார்த்தேன். மாமாவின் இரண்டு கைகளும் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன.

"மாமா" என்றேன்.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரீஸ் அண்ணன் ஒன்றும் அறியாமல், கால் ஊன்றி இன்னொரு தடவை இழுத்தார். கதவு ஒரு விரல் அளவு திறந்து, வெளிக்காற்று என் முகத்தில் பட்டது. ஸ்டீரிங் மடியை விட்டுக் கிளம்பியது. அதோடு மாமாவின் கைகளும் முன்னால் போய், முழங்கை நிமிர்ந்து, நரம்பு புடைத்து, அங்கேயே நின்றன.